ஷெர்மன் பெட்டி: கழட்டுறதா, ரிப்பேர் பண்றதா?

டிராக்டர் பத்தி எழுதப்போறேன்னதும் "இவனுக்கு வேற வேலையே இல்லையா"ன்னு தலையில அடிச்சுக்கறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம். இது கியர், பேரிங், பழைய ஆயில் வாசம் எல்லாம் அடிக்கிற பதிவு. நடுவுல ஒரு கோர்ட் கேஸ், ஒரு கைகுலுக்கல், ஒரு மலைச்சரிவு எல்லாம் வரும். பொறுமை இருக்கறவங்க உள்ள வாங்க :-)

நான் குப்பை கொட்டுறது மிச்சிகன்ல. வீட்டுக்குப் பின்னாடி ஒரு வேலி, வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு பெரியவரோட பண்ணை. பண்ணைன்னா பெருசா ஒண்ணுமில்ல. கொஞ்சம் சோளம், கொஞ்சம் விறகு மரம், ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகையில 1944ம் வருஷத்து ஃபோர்டு 2என் டிராக்டர் ஒண்ணு. அவரோட அப்பா புதுசா வாங்கினது. சாம்பல் கலர், நம்ம ஊர் டிராக்டர்ல பாதிதான் இருக்கும். பனிக்காலத்துல அவர் அதை வச்சுத்தான் எங்க வீட்டு வாசலையும் சேர்த்துச் சுத்தம் பண்ணித் தருவார். அதனால அந்த வண்டியோட ஆரோக்கியத்துல எனக்கும் ஒரு சுயநலம் உண்டு.

சில வருஷம் முன்னாடி ஒரு அக்டோபர் சனிக்கிழமை. டிரெய்லர்ல விறகு ஏத்திக்கிட்டு சரிவுல இறங்கிட்டிருந்தார் பெரியவர். பாதிச் சரிவுல "டக்"னு ஒரு சத்தம். அடுத்த நொடி வண்டி தானா ஓட ஆரம்பிச்சிடுச்சு. எஞ்சின் சும்மா உறுமுது, சக்கரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பின்னாடி விறகுப் பாரம் தள்ளுது.

இதுல இன்னொரு கஷ்டம் என்னன்னா, 9என், 2என் மாடல்கள்ல கிளட்சும் இடது பிரேக்கும் ரெண்டுமே இடது பக்கம். வலது பிரேக் மட்டும் வலது பக்கம். ரெண்டு சக்கரத்தையும் சேர்த்து நிறுத்தணும்னா ரெண்டு காலும் வேணும், அப்ப கிளட்சுக்குக் கால் மிச்சம் இல்ல. எண்பதைத் தாண்டின மனுஷன், ரெண்டு காலையும் ஊன்றி எந்திரிச்சு நின்னே பிரேக்கை அழுத்தியிருக்கார். கீழே வேலி ஓரத்துல, சோளத்தட்டைக்குள்ள போய் நின்னுது வண்டி. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. விறகுதான் தோட்டம் பூரா.

நான் ஓடிப்போனப்ப அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஷெர்மன் நழுவிடுச்சு."

யாருய்யா அந்த ஷெர்மன்னு கேட்டேன். அங்க ஆரம்பிச்சதுதான் இந்தக் கதை.

அவர் காட்டினார். வழக்கமான கியர் கம்பி நடுவுல இருக்கு. அதைத் தவிர ஒரு குட்டி லீவர். அந்த லீவருக்கு அடியில, கிளட்சுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல, இன்னொரு சின்னக் கியர் பாக்ஸ் ஒளிஞ்சிருக்கு. கம்பெனியில மாட்டினது இல்ல. போர் முடிஞ்ச பிறகு அவரோட அப்பா தனியா வாங்கி மாட்டினது. அதோட பேருதான் ஷெர்மன் ட்ரான்ஸ்மிஷன்.

சரி, ஒரு புது டிராக்டர் வாங்கினவர் எதுக்காக அதைப் பொளந்து இன்னொரு கியர் பாக்ஸை உள்ள திணிக்கணும்? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஹென்றி ஃபோர்டு 1917லயே ஃபோர்ட்சன்னு ஒரு டிராக்டர் விட்டார். லட்சக்கணக்குல வித்தது. ஆனா அதுக்கு ஒரு கெட்ட பேரும் உண்டு: கலப்பை பாறையிலயோ வேர்லயோ மாட்டினா முன்பக்கம் அப்படியே தூக்கி ஓட்டறவர் மேலயே கவுந்திடும். அயர்லாந்துல பெல்ஃபாஸ்ட் பக்கம் ஹாரி ஃபெர்குசன்னு ஒருத்தர். ஒல்லி உடம்பு, பிடிவாதக்காரர். கலப்பையை வண்டிக்குப் பின்னாடி சங்கிலி போட்டு இழுக்கக்கூடாது, வண்டியோட அங்கமா மாட்டணும், கலப்பை இழுக்கற பாரமே பின்சக்கரத்தைத் தரையில அழுத்தணும்னு ஒரே யோசனையோட பல வருஷம் அலைஞ்சவர். இன்னிக்கு உலகத்துல எந்த டிராக்டரைப் பாத்தாலும் பின்னாடி மூணு புள்ளியில கருவி மாட்டுற அமைப்பு இருக்குல்ல? அது அவரோடதுதான்.

அமெரிக்காவுல இவருக்குக் கூட்டாளிகளாக் கிடைச்சவங்க ஈபர் ஷெர்மன், ஜார்ஜ் ஷெர்மன்னு ரெண்டு சகோதரர்கள். ஃபோர்ட்சன் வியாபாரத்துல இருந்தவங்க. 1920களின் நடுவுல இண்டியானாவுல எவன்ஸ்வில்ங்கற ஊர்ல ஃபெர்குசன்-ஷெர்மன்னு கம்பெனி தொடங்கி, ஃபோர்ட்சனுக்குப் பொருந்தற கலப்பை செஞ்சு வித்தாங்க. 1928ல ஃபோர்டு அமெரிக்காவுல ஃபோர்ட்சன் செய்யறதையே நிறுத்தினார். கலப்பை வியாபாரமும் படுத்துடுச்சு.

பத்து வருஷம் கழிச்சு, 1938 அக்டோபர். இங்கிலாந்துல டேவிட் பிரவுனோட சேர்ந்து செஞ்ச தன்னோட டிராக்டரைக் கப்பல்ல ஏத்திக்கிட்டு டியர்பார்ன் வந்தார் ஃபெர்குசன். ஃபோர்டைச் சந்திக்க நடுவுல நின்னு ஏற்பாடு பண்ணினது ஈபர் ஷெர்மன். ஃபோர்டோட வீட்டு நிலத்துல வண்டியை ஓட்டிக் காட்டினாங்க. ஃபோர்டு அசந்துபோயிட்டார். ஒரு மேசையைப் போட்டு உக்காந்து பேசி, கை குலுக்கினாங்க. எழுத்துல ஒரு வரி கிடையாது, கையெழுத்து கிடையாது. ஃபோர்டு செய்வார், ஃபெர்குசன் விப்பார். அவ்வளவுதான் ஒப்பந்தம். (நம்ம ஊர்ல ரெண்டு சென்ட் வயக்காடு வாங்கவே எத்தனை பத்திரம், எத்தனை சாட்சி!)

1939 ஜூன்ல 9என் வெளியே வந்துடுச்சு. விலை 585 டாலர். இவ்வளவு சீக்கிரமா, இவ்வளவு மலிவா எப்படி முடிஞ்சதுன்னு கேட்டா, முடிஞ்ச இடத்துல எல்லாம் ஃபோர்டு தன்னோட கார், லாரிக்குச் செய்யற உதிரிப்பாகங்களையே போட்டார். எஞ்சினே ஃபோர்டு வி8 எஞ்சினைப் பாதியா வெட்டின மாதிரி நாலு சிலிண்டர், 120 கன அங்குலம். இருபத்து சொச்சம் குதிரைத்திறன். சிக்கனத்துல இன்னொண்ணு: முன்னாடி போக மூணே மூணு கியர்.

இங்கதான் நம்ம பெட்டியோட ஜாதகம் எழுதப்படுது. எஞ்சின் 1400 சுத்துல ஓடும்போது அந்த மூணு கியர்ல வண்டி போற வேகம் மணிக்கு சுமாரா 2.5 மைல், 3.25 மைல், 7.5 மைல். முதல் ரெண்டும் ஒட்டினாப்புல இருக்கு. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல பெரிய பள்ளம். நல்ல மண்ணுல நாலு, நாலரை மைல் வேகத்துல உழணும்னு வைங்க. ரெண்டாவது கியர்ல போனா எஞ்சினைக் கத்தவிடணும். மூணாவதுல போட்டா எஞ்சின் மூச்சு முட்டி நின்னுடும். ஏர் பிடிச்சவங்களுக்கு இந்த வேதனை புரியும். மாட்டுக்குக் கூட நடுத்தரமா ஒரு நடை உண்டு, இந்த வண்டிக்கு இல்ல.

மூணு கியர் போதும்னு நினைச்சது அப்படி ஒண்ணும் முட்டாள்தனம் இல்ல. அதுக்கு முன்னாடி வரைக்கும் டிராக்டர்னா இரும்புச் சக்கரம். இரும்புச் சக்கரத்துல வேகமாப் போனா வண்டியும் உதிரும், ஓட்டறவன் பல்லும் உதிரும். காத்தடைச்ச ரப்பர் டயரை டிராக்டருக்குப் போட்டுக் காட்டினது அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி, 1932ல. அடுத்த வருஷமே பார்னி ஓல்ட்ஃபீல்டுங்கற கார் ரேஸ்காரரை ஏத்தி, ஒரு டிராக்டரை மணிக்கு 64 மைல் வேகத்துல ஓட்டிக் காட்டி விளம்பரம் பண்ணினாங்க. 9என் வந்தப்ப ரப்பர் டயரோடதான் வந்துச்சு. ஆனா கியர் பாக்ஸ் மட்டும் இரும்புச் சக்கரக் காலத்துப் புத்தியோட வந்துச்சுங்கறது என்னோட எண்ணம். ரோட்டுல டவுனுக்கு ஓட்டிப் போறவனுக்கு 7.5 மைல் பத்தாது. நாத்து நடற கருவியையோ கிழங்கு தோண்டற கருவியையோ மாட்டி நத்தை மாதிரி நகரணும்கறவனுக்கு 2.5 மைல் ரொம்ப ஜாஸ்தி.

அப்புறம் போர். 1942ல 2என் வந்துச்சு. ரப்பரும் செம்பும் தட்டுப்பாடுங்கறதால முதல்ல வந்த வண்டிகள் திரும்பவும் இரும்புச் சக்கரம், பேட்டரி கிடையாது, மேக்னெட்டோ, கையால சுத்தி ஸ்டார்ட் பண்ணணும். பேருதான் 2என், சீரியல் நம்பர் என்னவோ 9என்னுன்னுதான் தொடங்கும். அதே சமயத்துல ஃபெர்குசனுக்கும் ஷெர்மன் சகோதரர்களுக்கும் ஒத்து வராமப் போச்சு. கம்பெனிப் பலகையில இருந்து ஷெர்மன் பேரு போய், ஹாரி ஃபெர்குசன் மட்டும் மிஞ்சினார்.

பலகையில இருந்து இறங்கின அந்தப் பேரு, வேற விதத்துல திரும்பவும் இதே டிராக்டர்ல ஏறுச்சு. மிச்சிகன்ல ராயல் ஓக்ங்கற ஊர்ல இருந்து, ஷெர்மன் ப்ராடக்ட்ஸ்ங்கற பேர்ல, இந்த ஃபோர்டு டிராக்டர்களுக்குன்னே துணைக் கியர் பாக்ஸ் வந்துச்சு. மூணு தினுசு. ஒண்ணு வேகத்தைக் கூட்டறது, ஒண்ணு குறைக்கறது, மூணாவது ரெண்டையும் செய்யறது. மூணு கியர் வண்டியில வேகம் கூட்டற பெட்டி மாட்டினா ஆறு கியர் ஆச்சு. ரெண்டும் செய்யற பெட்டி மாட்டினா ஒன்பது. ரிவர்ஸும் சேர்த்து ரெண்டு மூணாப் பெருகும். ரெண்டாவது கியர்ல போட்டு, குட்டி லீவரை வேகத்துக்குத் தள்ளினா, அந்த 3.25க்கும் 7.5க்கும் நடுவுல இருந்த பள்ளத்துல அழகாப் போய் உக்காரும். பெரியவரோட அப்பா வாங்கினதும் இந்த வேகம் கூட்டற பெட்டிதான். 'அன்னையில இருந்து உழவு நேரத்துல அப்பா எஞ்சினைத் திட்டறதை நிறுத்தினார்'னு சொன்னார் பெரியவர்.

கைகுலுக்கல் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. 1946 கடைசியில ஹென்றியோட பேரன் ரெண்டாம் ஹென்றி ஃபோர்டு, இந்த ஏற்பாட்டுல நஷ்டம்தான்னு சொல்லி அதை முடிச்சுக்கறதா அறிவிச்சார். விக்கறதுக்கு டியர்பார்ன் மோட்டார்ஸ்னு தனியா கம்பெனி. 1947ல 8என் வந்துச்சு: கால் வைக்கப் பலகை, ரெண்டு பிரேக்கும் ஒரே பக்கம் (அப்பாடா!), அப்புறம் முக்கியமா, நாலாவது கியர். ஃபெர்குசன் சும்மா இருப்பாரா? 1948ல 25 கோடி டாலருக்கு மேல கேட்டு கேஸ் போட்டார். 1952ல 92.5 லட்சம் டாலருக்கு முடிஞ்சுது. 8என் அஞ்சு லட்சத்துக்கு மேல வித்துச்சு. நாலாவது கியர் வந்தும் ஷெர்மன் பெட்டிக்கு மவுசு குறையல. நாலை மூணால பெருக்கிப் பன்னெண்டு கியரோட ஓட்டினவங்க உண்டு.

இப்ப அந்தப் பெட்டி உக்காந்திருக்கிற இடத்தைப் பாப்போம், எல்லா நல்லதும் கெட்டதும் அங்கதான் இருக்கு.

அது கியர் பாக்ஸுக்கு முன்னாடி உக்காந்திருக்கு. எஞ்சின்ல இருந்து வர்ற ஓட்டம் முதல்ல இதுக்குள்ள நுழைஞ்சுதான் மத்த எல்லாத்துக்கும் போகணும். 9என், 2என், 8என் மூணுலயும் பி.டி.ஓ.வுக்கு ஓட்டம் வர்றது கியர் பாக்ஸுக்குள்ள இருக்கிற கீழ் ஷாஃப்ட்ல இருந்து. ஹைட்ராலிக் பம்ப் ஓடறது அந்த பி.டி.ஓ. ஷாஃப்ட்டால. (பி.டி.ஓ. லீவரைப் போடலைன்னா லிஃப்ட்டே ஏறாது.) ஆக ஷெர்மன்ல வேகத்தைக் கூட்டினா சக்கரம் மட்டும் வேகமாச் சுத்தாது. பி.டி.ஓ.வும் வேகமாச் சுத்தும், பம்ப்பும் வேகமா ஓடும். லிஃப்ட் சட்டுனு ஏறுதேன்னு சந்தோஷப்படலாம். ஆனா 540 சுத்துக்குன்னு செஞ்ச புல்வெட்டற கருவியை மாட்டிட்டு, குட்டி லீவர் எங்க இருக்குன்னு பாக்காம முழு வேகம் கொடுத்தா, கருவி சிதறிக் கைகால் போற கேஸ்.

இன்னொரு வேடிக்கை. பெட்டியில ரெண்டு நிலைக்கும் நடுவுல ஒரு நியூட்ரல் உண்டு. பழைய டிராக்டரை யார்கிட்டயோ வாங்கி வர்றவருக்குப் பல சமயம் உள்ள ஷெர்மன் இருக்கறதே தெரியாது. கால் பட்டு லீவர் நடுவுல வந்து நின்னுக்கும். எந்தக் கியர் போட்டாலும் வண்டி நகராது, பி.டி.ஓ. சுத்தாது, லிஃப்ட் ஏறாது. மனுஷன் கிளட்ச் போச்சு, கியர் பாக்ஸ் போச்சுன்னு வண்டியையே பொளக்கக் கிளம்பிடுவார். குட்டி லீவரை ஒரு இஞ்ச் தள்ளினா முடிஞ்சது வேலை :-)

ஆனா பெரியவர் கேஸ் அப்படி இல்ல. அங்க லீவர் இருந்த இடத்துலயே இருக்கு, உள்ள கியர் நழுவி வெளியே வந்திடுச்சு. இந்தப் பெட்டியில கியர் மாத்தணும்னா வண்டியை நிறுத்தி மாத்தணும். ஓட ஓட மாத்த இது கார் இல்ல. அவசரத்துல ஓடும்போதே தள்ளித் தள்ளிப் பல்லோட முனை எல்லாம் மழுங்கும். லீவரைப் பிடிச்சு வைக்கிற குண்டும் ஸ்பிரிங்கும் தேயும், பேரிங் ஆடும். அப்புறம் பாரம் ஏறும்போதோ, சரிவுல சக்கரம் எஞ்சினைத் தள்ளும்போதோ பல் மெல்ல வழுக்கி வெளியே வந்துடும். வெளியே வந்தா நியூட்ரல். நியூட்ரல்னா எஞ்சினோட பிடி கிடையாது. அறுபது வருஷத்துக்கு மேல உழைச்ச இரும்பு, செஞ்சவங்களைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா சரிவுக்கு அது தெரியாதே.

இந்த "சரிவுல பிடி இல்லாம ஓடறது" ஷெர்மனோட மட்டும் முடிஞ்ச சங்கதி இல்ல. ஓட ஓடவே கியர் மாத்தற துணைப்பெட்டி வேணும்னு எல்லாக் கம்பெனியும் 1950கள்ல அலைஞ்சாங்க. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்காரங்க 1954ல சூப்பர் எம்-டிஏ மாடல்ல டார்க் ஆம்ப்ளிஃபையர்னு ஒண்ணு கொடுத்தாங்க. கிளட்சை மிதிக்காமலே ஒரு லீவரை இழுத்தா வேகம் குறைஞ்சு இழுவை கூடும். உழவுல சொர்க்கம். ஆனா அந்தக் குறைஞ்ச வேகத்துல ஓட்டம் போறது ஒருவழி கிளட்ச் வழியா, சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி. எஞ்சின் சக்கரத்தைத் தள்ளும், சக்கரம் எஞ்சினைத் தள்ள முடியாது. இறக்கத்துல அந்த நிலையில வந்தா வண்டி சைக்கிள் மாதிரியே உருளும். 1962ல மாஸி ஃபெர்குசன் கொடுத்த மல்டி-பவர்லயும் குறைஞ்ச நிலையில இதே குணம். இப்பவும் அந்த வண்டி வச்சிருக்கறவங்க டார்க் ஆம்ப்ளிஃபையரை ரிப்பேர் பண்றதா, இல்ல ஒரேயடியா லாக் பண்ணி நேர் ஓட்டமா ஆக்கிடறதான்னு அடிச்சுக்கறாங்க. ஃபோர்டு கம்பெனியும் 1959ல செலக்ட்-ஓ-ஸ்பீடுன்னு பத்து கியரோட களத்துல இறங்கி, ஆரம்ப வண்டிகள்ல பட்ட பாடு தனிப் பதிவு போடற அளவுக்கு இருக்கு.

பெரியவர் வீட்டுல அதே சண்டைதான். மகன் சொன்னார்: "கழட்டித் தூக்கிப் போடுங்கப்பா. அடுத்த தடவை வேலி இல்லாத சரிவுல நழுவினா என்ன பண்ணுவீங்க?" பெரியவர் சொன்னார்: "ரிப்பேர் பண்ணலாம். எங்க அப்பா யோசிச்சு வாங்கினது." நான் வேலி மேல கைவச்சு நின்னு ரெண்டு பேருக்கும் தலையாட்டினேன். வேற என்ன பண்றது!

எதுவா இருந்தாலும் வண்டியைப் பொளந்தாகணும். மேலே மூடியைத் திறந்து கைவிட்டு எடுக்கிற சாமான் இல்ல இது. அடுத்த ரெண்டு வாரக் கடைசியும் நான் அங்கதான் இருந்தேன், ஸ்பேனர் எடுத்துத் தர்ற எடுபிடியா.

முதல்ல ஆயிலை இறக்கணும். இந்த வண்டிகள்ல கியர் பாக்ஸ், ஹைட்ராலிக், டிஃபரன்ஷியல் மூணுக்கும் ஒரே ஆயில், அஞ்சு கேலன், அதாவது கிட்டத்தட்ட 19 லிட்டர். அடியில மூணு திருகு, மூணையும் திறக்கணும். அப்புறம் பானெட். அதுக்கப்புறம் முன் அச்சுக்கும் அதுக்கு மேல இருக்கிற பாகத்துக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் மர ஆப்பு அடிச்சார் பெரியவர். "இதை மறந்தவன் எஞ்சினைக் கால் மேல வாங்கிக்குவான்"னார். விஷயம் என்னன்னா, முன் அச்சு நடுவுல ஒரே ஒரு பின்லதான் ஊஞ்சல் மாதிரி தொங்குது. பின்பாதியைப் பிரிச்ச உடனே எஞ்சின் பக்கவாட்டுல சாயும். ஆப்புதான் அதைப் பிடிச்சு நிறுத்தும். பிறகு ஸ்டியரிங் கம்பிகள், ரேடியஸ் ராடுகள், ஒயர்கள். பின்பாதிக்கு அடியில கட்டை முட்டுக் கொடுத்து, எஞ்சினைக் கியர் பாக்ஸோட பிணைச்சிருக்கிற போல்ட்டுகளைக் கழட்டி, முன்பாதியை அங்குலம் அங்குலமா உருட்டி விலக்கினாங்க. ரெண்டு துண்டாக் கிடந்துச்சு டிராக்டர். பாக்கவே மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

நடுவுல, கியர் பாக்ஸோட முகத்துல, கருப்பா அந்தப் பெட்டி. கழட்டித் திறந்து பாத்தா பயந்த மாதிரியேதான். ஓட ஓட நழுவினதுல ஒரு கியர்ல ரெண்டு பல் பாதி இல்ல. மத்ததும் சரிவா மழுங்கி, நழுவறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு. பேரிங்கைக்கூட நம்பர் சொல்லி எங்கயாவது வாங்கிடலாம். கியர்? அதைச் செஞ்ச பட்டறை போய் எத்தனையோ காலம் ஆச்சு. இன்னொரு செத்த பெட்டியில இருந்து பிடுங்கி மாட்டணும். அதுவும் இதே வயசு, இதே தேய்மானம். புதுசா வெட்டிக்கலாம், ஆனா அந்தக் காசுக்கு இன்னொரு டிராக்டரே வாங்கிடலாம்னார் மகன்.

அப்ப கழட்டிடறதுன்னு முடிவா? அதுலயும் ஒரு சிக்கல். ஷெர்மனை மாட்டும்போது கம்பெனி போட்டிருந்த இன்புட் ஷாஃப்ட்டையும் அதோட பேரிங் மூடியையும் எடுத்துட்டுத்தான் மாட்டுவாங்க. பெட்டியை எடுத்தா அந்த ரெண்டும் திரும்ப வேணும், இல்லாட்டி கிளட்சுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல வெறும் காத்துதான். 8என்னோட ஷாஃப்ட்டும் இதுக்கு ஆகாது, அது நாலு கியர் பாக்ஸ். பெட்டி மாட்டின காலத்துல எத்தனை பேர் அந்தப் பழைய ஷாஃப்ட்டைப் பத்திரமா வச்சிருப்பாங்க? இனிமே எதுக்குன்னு பழைய இரும்புக்குப் போட்டிருப்பாங்க. கழட்ட நினைச்சுக் கழட்ட முடியாம நிக்கிற ஷெர்மன் வண்டிகள் பலதுக்கு இதுதான் காரணம்.

இங்க கொஞ்சம் நம்ம ஊருக்கு வந்துட்டுப் போறேன், சம்பந்தம் இருக்கு. ஃபோர்டோட பிரிஞ்ச ஃபெர்குசன், 1953ல கனடாவோட மாஸி-ஹாரிஸ் கம்பெனியோட சேர்ந்தார். அதுதான் பிற்பாடு மாஸி ஃபெர்குசன். 1950களின் நடுவுல வந்த ஃபெர்குசன் 35 மாடல்ல பாத்தீங்கன்னா, கியர் கம்பி பக்கத்துல கம்பெனியே ஒரு குட்டி லீவர் வச்சிருந்தாங்க. ஹை, லோ. மூணு கியர், ரெண்டு மடங்கு, ஆறு. ஷெர்மன் கணக்கேதான்! ஆனா பெட்டியை முன்னாடி வைக்கல. கியர் பாக்ஸுக்குப் பின்னாடி, கிரகங்கள் சூரியனைச் சுத்தற மாதிரி சுத்தற பல்சக்கரத் தொகுதியா வச்சாங்க. அதனால லீவரை எங்க தள்ளினாலும் பி.டி.ஓ. வேகம் மாறாது. 1960ல சென்னையில டாஃபே தொடங்கி மாஸி ஃபெர்குசன் டிராக்டர் செய்ய ஆரம்பிச்சாங்க. அவங்க 1035ல அதே ஆறு கியர், ரெண்டு ரிவர்ஸ் அமைப்பு வந்துச்சு. சின்ன வயசுல தஞ்சாவூர்ப் பக்கம் எங்க ஊர்ல டிரைவர் அண்ணன் சேத்துல இறங்கறதுக்கு முன்னாடி அந்தக் குட்டி லீவரை லோவுக்குத் தள்ளுவார். மட்கார்டு மேல உக்காந்திருந்த எனக்கு அது ஏதோ ரகசிய விசை மாதிரி தோணும். "தொடாதடா தம்பி, வயலோட நின்னுபோயிடும்"பார். அந்த லீவருக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் மிச்சிகன் கொட்டகையில ரெண்டு துண்டாக் கிடப்பான்னு அப்ப யாருக்குத் தெரியும்!

சரி, கொட்டகைக்குத் திரும்புவோம். ரெண்டாவது சனிக்கிழமை மத்தியானம். மகன் போன் எடுத்து உதிரிப்பாகக் கடைகளைத் தேடிட்டிருந்தார். பெரியவர் ஒண்ணும் பேசாம எந்திரிச்சு, கொட்டகையோட கடைசி மூலையில ஏணியைப் போட்டு மேல் பரண்ல ஏறினார். நாங்க ரெண்டு பேரும் ஏணியைப் பிடிச்சுக்கிட்டோம். தூசி எல்லாம் தலையில. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு சாக்கு மூட்டையை இறக்கினார். அவிழ்த்தா கெட்டியான கிரீஸ், அதுக்குள்ள ஷாஃப்ட், மூடி. துரு ஒரு புள்ளி இல்ல. ஒரு அட்டைத் துண்டுல பென்சில்ல ஏதோ எழுதியிருந்துச்சு. அழிஞ்சது போக வருஷம் மட்டும் தெரிஞ்சுது, 1948.

"இது இங்க இருக்குன்னு முதல் நாளே தெரியுமா?"ன்னு மகன் கேட்டார். கொஞ்சம் கோபமாத்தான்.

"தெரியும். பல் போயிருக்கான்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

மத்த வேலை ஒரு நாள்ல முடிஞ்சுது. புது பேரிங், புது சீல், பழைய ஷாஃப்ட். பொளந்த வண்டியைச் சேர்க்கறதுதான் பொறுமையைச் சோதிச்சுது. ஷாஃப்ட்டோட மூக்கு கிளட்ச் தட்டோட நடுவுல நேரா போய் உக்காரணும். ஒரு நூலிழை கோணலா இருந்தாலும் நுழையாது. ஜாக்கியை ஒரு சுத்து ஏத்தி, அரைச் சுத்து இறக்கி, ஃப்ளைவீலைக் கையால திருப்பி, நாலு மணி நேரம். "க்ளக்"னு அது உள்ள போன சத்தத்தைக் கேட்டு மூணு பேரும் ஒரே சமயத்துல மூச்சு விட்டோம். குட்டி லீவர் இருந்த ஓட்டையை ஒரு தகடு வெட்டி மூடினாங்க.

வண்டி இப்ப நல்லா ஓடுது. அந்த டிசம்பர்லயே எங்க வாசல் பனியைத் தள்ள வந்தார். ரெண்டாவது கியர்ல வந்தா ஊர்ந்து வருது, மூணாவதுல போட்டா பனியில முக்குது. நடுவுல ஒண்ணு இல்ல. தன்னையறியாம அவர் கை அந்தத் தகடு இருக்கிற இடத்துக்குப் போய், தடவிட்டுத் திரும்பி வந்ததை ஜன்னல் வழியாப் பாத்தேன்.

பல் போன ஷெர்மன் பெட்டியை அவர் பழைய இரும்புக்குப் போடல. அதே சாக்குல, புது கிரீஸ் தடவி, பரண்ல ஏத்திட்டார். அட்டையில வருஷம் எழுதச் சொல்லி மகன் கையில பென்சிலைக் கொடுத்தார். மகன் முணுமுணுத்துக்கிட்டேதான் எழுதினார்.